ஆறு எலுமிச்சம்பழம்

காலை பத்து மணிக்கு வளவனின் வங்கிக் கணக்கில் பணம் ஏறியது. பதினொன்றுக்கு மொட்டைக் கடிதம் வந்தது.

ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் பணத்தை நிறுத்தியிருப்பேன் என்று காப்பீட்டு நிறுவனத்தின் தஞ்சாவூர்க் கிளை மேலாளர் போனில் புலம்பினார். நான் அவர்களுடைய ஊழியன் அல்ல. சந்தேகம் வரும்போது மட்டும் கூப்பிடுவார்கள். பெயர் வெற்றிசெல்வன். தொழில் துப்பறிவது. பெரும்பாலும் கார், எப்போதாவது எரிந்த வைக்கோல் லாரி.

"சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் டைம். வளவன் நம்மள ஏமாத்துனாரா இல்லையான்னு சொல்லிடுங்க" என்றார் மேலாளர். "சொல்லலன்னா கணக்கை முடக்கச் சொல்லி பேங்குக்கு ஒரு லெட்டர், மோசடின்னு போலீசுக்கு ஒரு புகார். ரெண்டும் டைப் பண்ணி ரெடியா இருக்கு."

"வளவன் என்ன வேலை பார்க்கிறார்?"

"நன்னிலம் தாலுகா ஆபீஸ்ல இளநிலை உதவியாளர். கைதானா அன்னைக்கே சஸ்பெண்ட். அதுக்கு நான் என்னங்க பண்றது?"

கடிதம் வாட்சப்பில் வந்தது. ரிஃப்கா அதைப் பெரிதாக்கிப் படித்தாள். அவள் என் உதவியாளர். நாகப்பட்டினத்துக்காரி. அவள் வருவதற்கு ஒரு நிமிடம் முன்பே அவள் வாய் வந்துவிடும்.

"அய்யா, நன்னிலம் வளவனின் சிவப்புக் கார் திருடு போகவில்லை. அவனே ஒளித்து வைத்துக்கொண்டு நாடகமாடுகிறான். வெள்ளிக்கிழமை அவனுக்குப் பணம் போடப் போகிறீர்கள். உடனே நிறுத்தவும். வண்டி பத்திரமாக இருக்கிறது. நம்பாவிட்டால், பின் சீட்டு இடுக்கில் அவன் மகளின் ஒற்றை வெள்ளிக் கொலுசு கிடக்கிறது. அதுவே சாட்சி. இப்படிக்கு, நியாயம் கேட்பவன்."

"நியாயம் கேக்கறவருக்கு அப்பா அம்மா பேரு வைக்கல போல" என்றாள்.

"தபால் முத்திரை?"

"திருவையாறு. புதன்கிழமை." சிரித்தாள். "பதிமூணு கிலோமீட்டருக்கு ரெண்டு நாள். ஆத்துக்கரை ஓரமா நடந்து வந்து கையில குடுத்திருந்தா பணம் நின்னிருக்கும் சார். ஸ்டாம்பு காசும் மிச்சம்."

விவரம் கோப்பில் இருந்தது. மே மாதம், வீட்டு வாசலில் இரவு நிறுத்திய கார் காலையில் இல்லை. பழைய மாடல், இரண்டாம் கை. வளவன் அன்றே போலீசுக்குப் போயிருந்தான். ஆறு மாதம் தேடிவிட்டு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் சான்று கொடுத்தது. வளவன் இரண்டு சாவிகளையும் ஒப்படைத்து, உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கும் கோப்புகளை எனக்குப் பிடிப்பதில்லை.

வண்டியை ரிஃப்காதான் ஓட்டுவாள். கும்பகோணம் தாண்டியதும் மழை பிடித்தது. நட்டு முடித்த சம்பா வயல்களில் நாற்றின் தலை மட்டும் தெரிந்தது. நன்னிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

வளவன் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். முப்பத்தைந்து வயது. அவன் மனைவி கயல்விழி பரிமாறிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு பெண் குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கியது. அலமாரியில் பிரிக்காத மைசூர்பாகு டப்பா ஒன்று இருந்தது. பணம் வந்ததற்காக வாங்கியிருப்பான்.

எங்களைக் கண்டதும் சோற்றுக் கையோடு எழுந்தான். ரசம் சட்டையில் சிந்தியது.

"இன்னும் ஏதாவது கையெழுத்து பாக்கியா சார்?"

"ஏங்க, நிதானமா எந்திரிச்சா என்ன? இப்ப இதோட ஆபீஸ் போவீங்களா?" கயல்விழி முந்தானையை நனைத்து அவன் சட்டைப் பையைத் துடைத்தாள். திட்டிக்கொண்டே துடைத்தாள். அவன் குழந்தைபோல் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றான்.

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

"ஒரு கடிதம் வந்திருக்கு. படிக்கிறோம், கேளுங்க" என்றேன்.

ரிஃப்கா படித்தாள். நான் முகங்களைப் பார்த்தேன். 'நாடகமாடுகிறான்' என்ற இடத்தில் வளவனின் முகம் வெளுத்தது. அதை நல்லவன் கணக்கிலும் எழுதலாம், கெட்டவன் கணக்கிலும் எழுதலாம். கொலுசு என்ற சொல் வந்ததும் கயல்விழி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கொலுசு?"

"ஒத்தை வெள்ளிக் கொலுசு. பின் சீட்டு இடுக்குல" என்றாள் ரிஃப்கா.

கயல்விழி கணவனைப் பார்த்தாள். கணவன் அவளைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவர்களுக்கு நாங்கள் இருவரும் அந்த அறையில் இல்லை.

"கேட்டியா? என் தங்கச்சி எடுக்கலன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேனே! ஆறு மாசமா அவகிட்ட பேசாம இருந்தியே!" என்றான் வளவன்.

"எடுத்தான்னு நான் சொன்னேனா? அவ வீட்டு காதுகுத்துக்குப் போன எடத்துல தொலஞ்சுதுன்னுதானே சொன்னேன்."

"அவ பொண்ணு கால்ல கெடக்குறது நம்ம கொலுசு மாதிரியே இருக்குன்னு சொன்னது யாரு?"

"மாதிரின்னுதான் சொன்னேன்! ஞாயித்துக்கிழம ஆனா வண்டியக் கழுவுறேன் வண்டியக் கழுவுறேன்னு ரெண்டு மணி நேரம் நிப்பீங்களே. ஒரு நாளாவது சீட்டு இடுக்குல கைய விட்டுப் பாத்தீங்களா?"

"நீ தேடுன்னு சொன்னியா?"

"எல்லாத்தையும் சொல்லணுமா உங்களுக்கு?"

வேலையைப் பறித்து ஜெயிலுக்கும் அனுப்பக்கூடிய கடிதத்தைச் சற்று முன் கேட்டவர்கள். ஒரு கொலுசுக்காக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில் சண்டைக்கு எதிர்த்தரப்பு இல்லாமல் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. என் மனைவி சந்திரலேகாவுக்குக் காய்ச்சல் ஐந்து நாள். ஆறாம் நாள் இல்லை.

நான் வளவனைப் பார்த்தேன். இவன் குற்றவாளியாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

"வெள்ளிக்கிழமை பணம் வரும்னு யாருக்கெல்லாம் தெரியும்?" என்றேன்.

"யாருக்கும் தெரியாது சார். ஆபீஸ்லகூட நான் வாயைத் திறக்கல" என்றான் வளவன்.

"நானும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்றாள் கயல்விழி. "எங்க அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன். கூடப் பொறந்தவகிட்ட சொல்லாம எப்படி?"

"அக்கா எங்க இருக்காங்க?"

"திருவையாத்துல. அம்சம்னு பேரு. எங்க மாமா குணசேகரன் அங்க நெல்லு மில்லு வச்சிருந்தாரு. அந்தக் காரையே நாங்க அவருகிட்டேர்ந்துதான் வாங்கினோம்."

ரிஃப்கா பேனாவை மூடினாள்.

வாசலில் வளவன் என் கையைப் பிடித்தான். "சார், ஏழு வருஷம் பரீட்சை எழுதி வாங்கின வேலை. என் குடும்பத்துல மாசச் சம்பளம் வாங்குற மொத ஆளு நான்தான். பணம் போனாப் போகுது. பேரு போச்சுன்னா..."

உள்ளேயிருந்து கயல்விழி குடையோடு வந்தாள். எங்களுக்கு அல்ல, அவனுக்கு.

திருவையாற்றுக்கு வண்டியை விட்டோம். ரிஃப்கா வைப்பரைப் போட்டுவிட்டுப் பேசினாள்.

"அந்த ஆளு பண்ணல சார்."

"நடிச்சிருக்கலாம்."

"போலீசுக்கு முன்னாடி அழுகைய நடிக்கலாம். நாத்தனார் சண்டைய நடிக்க முடியாது. அதுக்கு ஒரிஜினல் வயித்தெரிச்சல் வேணும்."

"சரி. நீ சொல்லு."

"கொலுசு கார்ல கெடந்தது இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. லெட்டர் எழுதுனவருக்குத் தெரியுது. வண்டி காணாமப் போனதுக்கு அப்புறம் சீட்டு இடுக்க யாரு பாக்க முடியும்? வண்டிய வச்சிருக்கறவன். அதாவது திருடனே உக்காந்து, திருட்டு நடக்கலன்னு புகார் எழுதியிருக்கான்."

"எதுக்காக எழுதணும்? பணம் கொடுத்தாச்சுன்னா கோப்பை மூடிடுவாங்க. யாரும் தேட மாட்டாங்க. திருடனுக்கு அதைவிட நிம்மதி ஏது? லெட்டர் போட்டுத் தேட வைப்பானா?"

அவள் கியரை மாற்றினாள்.

"அந்தக் கேள்விக்குப் பதில் வர்ற வரைக்கும் வளவனை விட முடியாது" என்றேன்.

"நீங்க மதியத்துலேர்ந்து அந்த ஆளு திருடனா இருக்கணும்னு நேந்துக்கிட்டு வர்றீங்க சார்."

நான் ஜன்னலில் வழிந்த மழைப் பக்கம் திரும்பினேன்.

"கயல்விழி அக்கா சட்டையைத் துடைச்சு விட்டதை நானும் பாத்தேன்" என்றாள், குரலைக் குறைத்து.

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

பாலம் தாண்டித் திருவையாற்றுக்குள் நுழைந்தபோது மணி மூன்றே முக்கால். குணசேகரனின் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் பெயர் வீரையன் என்று பலகையே சொன்னது. ரிஃப்கா கோலி சோடா கேட்டாள். சோடாவோடு ஊர் விவரமும் கேட்டாள்.

"குணசேகரன் வீடா? அந்த மில்லுக்குப் பக்கத்து வீடுதாம்மா. இப்ப மில்லு ஓடல. மிஷினெல்லாம் போன வருஷமே பழைய இரும்புக்குப் போயிருச்சு. வெறும் கொட்டாய். அதுக்கு மட்டும் ரெண்டு பூட்டு."

"கார் வச்சிருந்தாராமே?"

"அதெல்லாம் வித்து நாலஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப ஒரே ஒரு பைக்கு." வீரையன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா கெத்துக்குக் கொறச்சல் இல்ல. ஆயுத பூஜை அன்னைக்கு எலுமிச்சம்பழம் ஒண்ணு பன்னண்டு ரூவா வித்துச்சு. ஊரே ஒண்ணு ரெண்டுன்னு வாங்குது. இவரு புள்ளி இல்லாம பாத்துப் பாத்து ஆறு பழம் பொறுக்குறாரு. சாதத்துக்கான்னேன். சாதத்துக்கு எவன்யா புள்ளி பாப்பான், சக்கரத்துக்குன்னுட்டுப் போறாரு."

ரிஃப்கா சோடாவைப் பாதியில் நிறுத்தினாள். வண்டிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், எங்க வாப்பா ஆட்டோ ஓட்டுறாங்க. ஆயுத பூஜை வந்தா ஸ்டாண்டுல எல்லா வண்டிக்கும் சேர்த்துத்தான் படையல். எங்க வாப்பா வண்டிக்கும் பொட்டு வச்சு, சக்கரத்துக்கு ஒண்ணா மூணு பழம் வச்சு ஏத்துவாங்க. பைக்குக்கு எத்தனை?"

"ரெண்டு."

"அப்ப மீதி நாலு?"

தெருக்கோடியில் மில் தெரிந்தது. சுற்றிலும் பாசி படிந்த சுவர். இரும்பு ஷட்டரில் இரண்டு பூட்டு.

குணசேகரனுக்கு ஐம்பது இருக்கும். நெற்றி நிறைய விபூதி. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருகிறோம் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க. அம்சம், காப்பி கொண்டா. சகலை வண்டி விஷயந்தானே? பாவம் அவரு. என்ன, ஏதாவது வில்லங்கமா?"

"ஒண்ணும் பெரிசா இல்ல."

"பணம்... நின்னுருச்சா?"

"காலையிலயே ஏறிடுச்சு."

அவர் கையில் இருந்த தண்ணீர் டம்ளர் உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது.

"ஏறிடுச்சா?" என்றார். பிறகு சிரித்தார். "நல்லது, நல்லது. ராசிக்காரன். அவன் தொட்டதெல்லாம் தொலங்குது. தொலச்சதுகூடத் தொலங்குது."

அம்சம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தங்கையின் சாயல், பத்து வயது கூட. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வண்டி எங்க வீட்டுல நின்னப்ப இந்த மில்லு ஓடுச்சுங்க" என்றாள். "இவருதான் சிவப்பு ஆகாதுன்னு எவனோ சொன்னதக் கேட்டு வித்தாரு. அவங்க வீட்டுக்குப் போய் மூணு மாசத்துல அவருக்கு வேலை உத்தரவு வந்துச்சு. அடுத்த வருஷம் புள்ள. ஏழு வருஷமா இல்லாத புள்ள. எங்களுக்கு மில்லும் போச்சு. புள்ளையும்..." நிறுத்திக்கொண்டாள்.

"வித்தப்ப சாவி எத்தனை குடுத்தீங்க?" என்று குணசேகரனிடம் கேட்டேன்.

"ரெண்டு. கம்பெனி குடுத்த ரெண்டையும் குடுத்துட்டேன்."

"பழைய மாடல். பூட்டுக்கடையில அரை மணி நேரத்துல மூணாவது சாவி அடிச்சிடலாம்."

"அடிக்கலாம். எதுக்கு அடிக்கணும்?"

"ஆயுத பூஜைக்கு ஆறு எலுமிச்சம்பழம் வாங்குனீங்களாம்" என்றாள் ரிஃப்கா.

அவர் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "ஆமா. பைக்குக்கு."

"உங்க பைக்குக்கு எத்தனை சக்கரம்ணே?"

"பைக்குக்கு ரெண்டு. மீதி மில்லு மிஷினுக்கு."

"மிஷினத்தான் பழைய இரும்புக்குப் போட்டாச்சே."

"அதனால என்ன? தொழில் பண்ணின எடம். வெறும் எடத்துக்கும் வைக்கிறதுதான்."

"அந்தக் கொட்டாயில இப்ப என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு ரெண்டு பூட்டு, நாலு எலுமிச்சம்பழம்" என்றாள் ரிஃப்கா. "எங்க வீட்டுலயும் நெறைய ஒண்ணுமில்லாதது இருக்குண்ணே. இவ்வளவு மரியாதை குடுத்ததில்ல."

குணசேகரன் எழுந்தார். "போலீசா நீங்க? வாரண்டு இருக்கா? காப்பியைக் குடிச்சாச்சுல்ல, கெளம்புங்க."

மணி நாலு ஐம்பது. எங்களிடம் வாரண்டு இல்லை. எலுமிச்சம்பழக் கணக்கை வைத்து எந்த நீதிபதியும் கையெழுத்துப் போட மாட்டார். மேலாளர் டைப் செய்து வைத்த இரண்டு கடிதங்களும் நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிடும். திங்கட்கிழமை வளவன் வேலையில் இருக்க மாட்டான்.

நான் போனை எடுத்தேன். அம்சத்திடம் நீட்டினேன்.

"இதைப் படிங்கம்மா. இதனால இன்னைக்குச் சாயங்காலம் உங்க தங்கச்சி வீட்டுக்காரர் மேல மோசடிப் புகார் போகப் போகுது."

"அவகிட்ட என்ன காட்டுறீங்க?" குணசேகரன் கையை நீட்டினார். ரிஃப்கா எப்படியோ நடுவில் வந்து நின்றாள். அவளுக்கு அந்தத் திறமை உண்டு.

அம்சம் மெதுவாகப் படித்தாள். உதடு அசைந்தது. கொலுசு என்ற இடத்தில் நின்றுவிட்டது. மறுபடி மேலே போய் முதல் வரியிலிருந்து படித்தாள்.

"இதை யாருக்கும் நான் சொல்லல" என்றாள்.

"எதை?"

"கொலுசை. பூஜைக்கு முந்தின நாள் சீட்டு தொடைக்கையில கைக்குத் தட்டுச்சு. கறுத்துப் போயிருந்துச்சு. விபூதி போட்டுத் தேச்சு, மறுபடி அதே எடத்துல வச்சேன். குடுத்தா எங்கேர்ந்துன்னு கேப்பாளே..." கணவன் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

குணசேகரன் வாசல் பக்கம் பார்த்தார்.

"வண்டியக் கொண்டாந்தீங்க. நம்ம வண்டிதானே, நம்ம ராசிதானேன்னீங்க. நானும் பாவின்னு தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டேன். அவங்களுக்குத்தான் இன்சூரன்சு பணம் வந்துருமே, நட்டமில்லையேன்னு மனசத் தேத்திக்கிட்டேன். அதையும் நிறுத்தப் பாத்தீங்களா? அவ புருஷன ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்களா?"

பதிலுக்காக அவள் நிற்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

ஷட்டர் ஏறியது. நான் கற்பனை செய்து வைத்திருந்தது வேறு. எண் பலகை கழற்றி, சக்கரம் கழற்றி, விற்பதற்குத் தயாராக ஒரு வண்டி. உள்ளே தார்ப்பாய் விரித்துச் சேறு படாமல் சிவப்புக் கார் நின்றது. எண் பலகை அப்படியே இருந்தது. முன்கண்ணாடியில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். எஞ்சின் மூடியின் மேல் சருகான மாலை. முன்னால் ஒரு அகல். தரையில் நான்கு இடத்தில் நசுங்கி ஒட்டிய எலுமிச்சைத் தோல். வெளியே ஓட்டியதற்கு அடையாளமே இல்லை. திருட்டு வண்டிபோல இல்லை அது. பிரகாரத்தில் நிறுத்தின வாகனம்போல இருந்தது.

"நன்னிலத்துலேர்ந்து ஒரே ராத்திரியில கொண்டாந்தேன்" என்றார் குணசேகரன் பின்னாலிருந்து. அவர் ஓடவில்லை. "அப்புறம் அதை வெளிய எடுக்கவே இல்ல. நான் திருடன் இல்லீங்க. பணத்துக்கு ஆசைப்பட்டிருந்தா பிரிச்சு வித்திருப்பேன். என் ராசி எனக்குத் திரும்பி வந்தாப் போதும்."

"வந்துச்சா?" என்றாள் ரிஃப்கா.

"வாய்க்கால் ஓரத்து நெலம் தண்ணியில போச்சு. எனக்குச் சர்க்கரை வந்துச்சு."

ரிஃப்காவுக்கே அதற்கு மேல் கேலி வரவில்லை.

"பணத்தை வாங்கிட்டுப் போகட்டும்னு விட்டிருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டோம்" என்றேன். "எதுக்காக எழுதுனீங்க?"

"தங்கச்சி போன்ல சொன்னத அம்சம் வந்து சொன்னா. தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை பணம் வருதாம், லட்டு மாதிரி மொத்தமா வருதாம்னு." அவர் காரைக் காட்டினார். "இது இங்க நிக்குது. ஆறு மாசமா வெளக்கேத்துறேன். எனக்கு ஒரு சல்லி வரல. வண்டியே இல்லாம அவனுக்கு வருது. இல்லாத வண்டிக்கு வருது! அப்ப இதுல என்னதாங்க இருந்துச்சு? மூணு நாள் தூங்கல. புதன்கிழமை காலையில எழுதிப் போட்டேன்."

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அது எனக்குப் புரிந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து பத்துக்கு மேலாளரைக் கூப்பிட்டேன். வளவன் சுத்தம், டைப் செய்ததைக் கிழித்துவிடுங்கள், வண்டி என் முன்னால் நிற்கிறது என்றேன். அவர் மூன்று முறை "நிஜமாவா?" என்றார். ரிஃப்கா காவல் நிலையத்துக்குப் பேசினாள்.

பிறகு வளவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் அழுதானா சிரித்தானா என்று தெரியவில்லை. போன் கைமாறியது.

"சார், அக்கா பக்கத்துல இருக்காளா?" கயல்விழியின் குரல்.

அம்சம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். "அப்புறம் பேசுவாங்க" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அழாத, நான் இருக்கேன்ல" என்று வளவன் சொல்வதும் கேட்டது. அது முடிகிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

போலீஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். குணசேகரன் வீட்டுக்குள் போய் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். தலையை வாரியிருந்தார். கல்யாணத்துக்குப் புறப்படுகிறவர்போல ஷட்டர் அருகே நிமிர்ந்து நின்றார்.

"இதை இப்ப வளவன்கிட்ட குடுத்துடுவீங்க."

"இல்ல. பணம் வாங்கறதுக்கு முன்னாடியே உரிமையை மாத்திக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார். வண்டி இனிமே கம்பெனியோடது. வழக்கு முடிஞ்சதும் ஏலம் விடுவாங்க."

அவர் முகம் தெளிந்தது. அன்று அதை அப்படிப் பார்ப்பது முதல் முறை.

"அப்ப வண்டி அவனுக்கு இல்ல."

"இல்ல."

"அது போதும்" என்றார்.

தெருமுனையில் ஜீப் திரும்பியது. வீரையன் கடை வாசலில் ஆட்கள் கூடினார்கள். அம்சம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குணசேகரன் இரண்டு அடி எடுத்து வைத்தார். நின்றார். திரும்பி என்னிடம் வந்தார்.

"ஏலம்னா, யாரு வேணா கேக்கலாமா?"

"கேக்கலாம்."

"வளவனும்?"

ரிஃப்கா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்பது அந்தப் பார்வை. பதில் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"கேக்கலாம். பழைய வண்டி, போட்டி இருக்காது. வந்த பணத்துல பாதிக்கு எடுத்துடுவார். மீதிப் பாதி கையில நிக்கும்" என்றேன்.

போலீஸ் என்றபோதும் நிமிர்ந்தே நின்ற மனிதர் அவர். அப்போதுதான் ஷட்டர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்தார்.